சிறு பொருள்களை அருகிருந்து படமெடுத்தல்

நேயர்களே, ஒரு செப்புக் காசைப் பற்றிச் சொல்லி இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

2005-ஆம் ஆண்டில் நான் கிளிநொச்சிப் பகுதியிலுள்ள ஒரு பாடசாலையில் வரலாறு கற்பித்து வந்தேன். ஒருநாள் ஒன்பதாந் தர மாணவன் ஒருவன், தன் அப்பாச்சியின் திருநீற்றுப் பெட்டியில் நெடுங்காலமாகக் கிடந்த காசொன்றைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தான். குறுக்களவு இரண்டு சென்ரிமீற்றர் இருக்கும். ஒரு புறத்தில் நிற்கும் மனித உருவம். மறுபுறத்தில் படுத்திருக்கும் காளை, அதன் மேலே பிறை, அடியில் தேய்ந்துபோன ஓர் எழுத்து வரி. இத்தகைய காசுகளைச் ‘சேதுக் காசு’ என்று வழங்குவர். காளையின் அடியில் ‘சேது’ என்னும் சொல் பொறிக்கப்பட்டிருப்பதே அப்பெயருக்குக் காரணம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டவை இவை என்பது ஆய்வாளர் பெரும்பாலார் கொண்ட முடிபு. 1924-இல் கொட்றிங்ரன் என்பார் இலங்கை நாணயங்களைப் பற்றி எழுதிய நூலிலும் இவை பேசப்பட்டுள்ளன.

அம்மாணவன் கொணர்ந்த காசில் முதலெழுத்து ‘சே’ என்று ஒருவாறு தெரிந்தது. அடுத்த எழுத்து எனக்குத் துணியக்கூடவில்லை. அறிந்தோர் ஒருவருக்கு அனுப்பிக் கேட்கலாம் என்றெண்ணி, ஒளிப்படக் கலைஞர் ஒருவரிடம் கமராவும், அருகிலிருந்து எடுப்பதற்குரிய இடைவளையமும் இரவல் பெற்றேன். சாளர வெளிச்சம் நன்றாக விழவேண்டுமென்று காசை அகராதியொன்றின் மீது சாய்த்து நிறுத்தி, நடுவிலிருந்த காளையின் திமிலைக் குறியாக வைத்து, இருபுறத்தையும் படமெடுத்தேன். ஏ-9 வீதி திறந்திருந்த காலம் அது. படச்சுருள் வவுனியாவுக்குச் சென்று, கழுவப்பட்டு, இரு கிழமைக்குப் பின் திரும்பியது. காளையின் திமில் மயிர்க்கோடு போலத் தெளிந்திருந்தது. அதன் அடியில் இருந்த எழுத்தோ பனிமூட்டத்திற் கரைந்திருந்தது.

மறுபடி எடுக்கலாம் என்று எண்ணினேன், எடுக்கவில்லை. காசு பெட்டிக்குத் திரும்பிற்று. 2006-இல் வீதி மூடப்பட்டது. 2008, 2009 ஆண்டுகளில் வன்னி மக்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சென்றபோது அந்தப் பெட்டி எங்கே விழுந்தது என்பதை யாரும் அறியார். என் சான்றிதழ்களோடு ஒரே உறையில் இருந்தமையால் அந்தப் படச்சுருள் மட்டும் தப்பியது. மீள்குடியேறிய பின்பு, வளர்ந்து இளைஞனாகிவிட்ட அம்மாணவன் என்னைத் தேடி வந்தான். “சேர், அப்பாச்சியின்ரை காசுப் படம் உங்களிட்டை இருக்குதோ? அதிலை என்ன எழுதியிருந்தது?” என்று கேட்டான். படத்தைக் கொடுத்தேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

அன்றிலிருந்துதான், கலைப்பட்டதாரியாகிய நான், எங்கள் பாடசாலைப் பௌதிக ஆசிரியரை நச்சரித்து, அந்த எழுத்து ஏன் கலங்கிற்று என்பதைக் கற்றுக்கொண்டேன். கற்றதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரணைமடுக் குளக்கட்டில் நின்று எதிர்க்கரையைப் படமெடுப்பவருக்கு, நூறு யார் தூரத்து மரமும் அப்பாலுள்ள காடும் ஒருங்கே தெளிவாக விழும். அதே கமராவால் ஒரு நெல்மணியைப் படமெடுத்தால், மணியின் முதுகு தெளிந்து விளிம்பு கலங்கும். எவ்வளவு முன்பின்னாக உள்ள பொருள்கள் படத்தில் தெளிவாக அமையுமோ, அந்த அளவை இப்பேச்சில் ‘தெளிவாழம்’ என்று குறிப்பிடுவேன். தூரத்தில் அது மீற்றர்க் கணக்கில் விரிகின்றது. அருகில் மில்லிமீற்றராகச் சுருங்குகின்றது.

காரணம் இது. காசின் மேலுள்ள ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி, வில்லையின் துவாரம் முழுவதையும் நிறைத்துச் சென்று, மறுபுறத்தில் கூம்பு வடிவாகக் குவிந்து ஒரு புள்ளியிற் கூடுகிறது. கூடுமிடத்தில் படச்சுருள் இருந்தால் விம்பம் புள்ளியாக விழும். கூம்பின் நுனிக்கு முன்னோ பின்னோ இருந்தால் புள்ளி ஒரு வட்டமாகப் பரவும். அவ்வட்டம் மிகச் சிறியதாயின் நம் கண் அதையும் புள்ளியென்றே ஏற்றுக்கொள்ளும். முப்பத்தைந்து மில்லிமீற்றர்ப் படச்சுருளுக்கு 0.03 மில்லிமீற்றர் வட்டம் வரை பொறுக்கலாம் என்பது வழக்கமான கணக்கு.

இனி, பொருள் சற்று முன்பின்னாக நகர்ந்தால் விம்பம் எவ்வளவு நகரும்? அதில்தான் சூட்சுமம் உள்ளது. விம்பம் பொருளின் பத்திலொரு பங்கு அளவினதாக விழும் தூரத்தில், பொருள் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால் விம்பம் நகர்வது ஏறத்தாழ நூறிலொரு மில்லிமீற்றர்தான். விம்பமும் பொருளும் ஒரே அளவினவாகும்படி நெருங்கினாலோ, பொருள் நகரும் அதே ஒரு மில்லிமீற்றர் விம்பமும் நகர்ந்துவிடும். உருப்பெருக்கம் பத்து மடங்கு கூடியது. நகர்வு நூறு மடங்கு கூடிற்று. நெருங்க நெருங்கத் தெளிவாழம் நாம் எதிர்பார்ப்பதைக் காட்டிலும் விரைவாகக் குறைவது இதனாலேயே.

எண்ணளவிற் சொல்வதானால், முப்பத்தைந்து மில்லிமீற்றர்க் கமராவில் துவாரம் எஃப்-8 என்ற நிலையில் இருக்கும்போது, பத்திலொரு பங்கு அளவு விம்பத்திற்குத் தெளிவாழம் ஏறத்தாழ 53 மில்லிமீற்றர். அரைப்பங்கு அளவுக்கு 2.9 மில்லிமீற்றர். சம அளவுக்கு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இருமடங்கு அளவுக்கு மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகம். ஐந்து சென்ரிமீற்றரில் தொடங்கி மட்டைத் தாளொன்றின் தடிப்பளவுக்கு வந்துவிட்டோம்.

என் காசுக்கு இக்கணக்கைப் பொருத்திப் பார்த்தேன். அன்று எடுத்தது அரைப்பங்கு அளவு விம்பம், துவாரம் எஃப்-8. காசு கமராவுக்கு நேர்முகமாக இராமல் முப்பது பாகை சாய்ந்திருந்தது எனக் கொள்வோம். அப்போது இரண்டு சென்ரிமீற்றர்க் காசின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே முன்பின் தூரம் ஒரு சென்ரிமீற்றர். எனக்குக் கிடைத்த தெளிவாழமோ மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆகவே காசின் நடுவே குறுக்காக ஏறத்தாழ ஆறு மில்லிமீற்றர் அகலப் பட்டியொன்று மட்டுமே தெளிவுற்றது. காளை அப்பட்டிக்குள் அகப்பட்டது. எழுத்து அதற்கு வெளியே, கீழ் விளிம்பை ஒட்டிக் கிடந்தது. கமராவும் பழுதில்லை, வில்லையும் பழுதில்லை, வவுனியாவிற் படம் கழுவியவரும் பிழை செய்யவில்லை. அகராதியின் மேற் சாய்த்த கைதான் பிழை செய்தது.

துவாரத்தைச் சுருக்கினால் தெளிவாழம் கூடுமென்பது ஒளிப்படம் பயில்வோர் முதலிற் கற்கும் பாடம். ஊசியில் நூல் கோக்கும் முதியவர் கண்ணை இடுக்கிக்கொள்வதும் இதே உபாயந்தான். கிடுகுக் கூரையின் சிறு ஓட்டை வழியே வகுப்பறை நிலத்தில் வெயில் வட்ட வட்டமாக விழுவதை வன்னிப் பிள்ளைகள் அறிவார்கள். அவ்வட்டங்கள் சூரியனின் விம்பங்கள். நிலத்தில் விழும் வட்டத்தின் குறுக்கே ஒரு கொப்பியை எந்த உயரத்திற் பிடித்தாலும் அதிலும் அவ்வட்டம் விழும். அளவு மாத்திரம் மாறும். சிறு துவாரத்தினூடாக வரும் ஒளிக்கூம்பு ஒடுங்கியது. ஆகையால் அதை எங்கே வெட்டினாலும் பெரிய வேறுபாடு தோன்றுவதில்லை.

ஆயினும் இந்த உபாயத்துக்கு ஓர் எல்லை உண்டு. அருகிலிருந்து எடுக்கும்போது அந்த எல்லை விரைவில் வந்துவிடுகிறது. சிறு துவாரத்தின் விளிம்பைக் கடக்கும் ஒளி சற்றே வளைந்து பரவும். இதனைக் கோணல் என்று நம் பௌதிக நூல்கள் கூறும். துவாரம் குறுகக் குறுக இப்பரவல் மிகும். மேலும், வில்லையின்மேற் பொறித்துள்ள எண் தூரத்துப் பொருளுக்கே பொருந்தும். சம அளவு விம்பத்துக்காக வில்லை முன்னே நீளும்போது, எஃப்-8 என்பது நடைமுறையில் எஃப்-16 போலவும், எஃப்-16 என்பது எஃப்-32 போலவும் இயங்கும். எஃப்-32 போன்ற நிலையில், கோணலால் மட்டும் ஒவ்வொரு புள்ளியும் 0.04 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட வட்டமாகிவிடும். நாம் பொறுக்கலாம் என்று கொண்ட அளவை அது தாண்டிவிட்டது. அஃதாவது, முன்னும் பின்னும் தெளியவேண்டுமென்று துவாரத்தை இறுக்கினால், குறித்த இடமே மங்கிப்போகும். சம அளவு படங்களுக்கு எஃப்-8 முதல் எஃப்-11 வரையில் நிற்பது நன்று என்பது என் அனுபவம். ஒளியும் குறைவதால் திரை நெடுநேரம் திறந்திருக்கும். முக்காலியின்றிக் கையிற் பிடித்தெடுத்த படம் அசைவினாற் கெடும். கலங்கலுக்கு இது இன்னொரு காரணம். இதைத் தெளிவாழக் குறை என்று மயங்குவோர் பலர்.

அப்படியாயின் வழி என்ன? கிடைக்கும் அந்த ஒரு மில்லிமீற்றரை வீணாக்காது செலவிடுவதுதான். தெளிவாழம் என்பது கமராவின் முகத்துக்குச் சமாந்தரமாக நிற்கும் ஒரு மெல்லிய தட்டு. பொருளில் நமக்கு வேண்டிய பாகம் அத்தட்டுக்குள் கிடக்குமாறு வைத்துவிட்டால் போதும். தட்டையாகக் கிடத்திய காசின் மேடுபள்ளம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. கமராவை நேர் மேலே நிறுத்தி எடுத்தால், விளிம்பு முதல் விளிம்பு வரை முழுவதும் எஃப்-8 இலேயே அடங்கிவிடும்.

நேர் மேலே நிறுத்துவது கேட்பதற்கு எளிது; செய்யும்போது கண் ஏமாற்றும். இதற்குப் பழைய தந்திரம் ஒன்றுண்டு. காசு கிடக்கும் இடத்தில் ஒரு சிறு முகக்கண்ணாடியை வைத்துக் கமராவினூடாகப் பாருங்கள். கண்ணாடியில் வில்லையின் விம்பம் தெரியும். அது படச் சட்டத்தின் சரி நடுவில் அமையும்வரை கமராவைத் திருத்துங்கள். பின் கண்ணாடியை எடுத்துவிட்டுக் காசை வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

வெளிச்சம் வேண்டுமே என்பீர்கள். நானும் அதற்காகத்தான் காசைச் சாய்த்தேன். சாய்க்கவேண்டியது காசையன்று, ஒளியை. மேசையோடு ஒட்டினாற்போலப் பக்கத்திலிருந்து தாழ்வாக ஒரு விளக்கைப் பிடித்து, எதிர்ப்புறத்தில் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினால், தேய்ந்த எழுத்தின் மேட்டில் ஒளியும் பள்ளத்தில் நிழலும் விழும். விளக்கைச் சுற்றிவர நகர்த்தி நான்கு படம் எடுத்தால், ஒன்றில் மறைந்த கோடு மற்றொன்றில் எழும். காசைப் புளியிட்டு மினுக்கி எடுப்பது மட்டும் கூடாது. தேய்ந்த எழுத்தை மேலும் தேய்ப்பதாகவே அது முடியும்.

இன்னொரு வழி, பின்வாங்குதல். சம அளவு விம்பத்தை விட்டு அரை அளவுக்குப் பின்வாங்கினால் நுணுக்கம் பாதியாகும். தெளிவாழமோ மூன்று மடங்காகும். பின்னர் வேண்டிய பாகத்தை வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். நல்ல வில்லையும் நுண்ணிய படத்தளமும் உடையோருக்கு இது மிக இலாபமான வியாபாரம். பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் துவாரத்தைச் சுருக்கவே இயலாது; ஆகையால் அவற்றுக்கு, நேர்முகமாக வைத்தலும் பின்வாங்குதலுமே முதல் மருந்து. நம் பிள்ளைகளோ தொலைபேசியைப் பொருளின் மூக்கோடு மூக்கு முட்டக் கொண்டுபோகிறார்கள்.

நீண்ட குவியத் தூரமுள்ள வில்லை தெளிவாழத்தைக் குறைக்கும், குறுகியது கூட்டும் என்றும் சொல்வதுண்டு. நெருங்கிய படங்களில், விம்ப அளவும் துவார எண்ணும் ஒன்றாயின், தெளிவாழமும் ஏறத்தாழ ஒன்றே. நீண்ட வில்லையால் வரும் நன்மை வேறு. கமரா பொருளிலிருந்து தள்ளி நிற்கும். இடையில் ஒளி புக இடம் கிடைக்கும். பூச்சியாயின் அஞ்சி ஓடாது.

பூச்சி என்றதும் நினைவுக்கு வருவது சோளச் செய்கைக்காரர் அனைவரும் அறிந்த படைப்புழு. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இப்புழு 2016-இல் ஆபிரிக்காவிலும், 2018-இல் இந்தியாவிலும், அவ்வாண்டின் இறுதியில் இலங்கையிலும் காணப்பட்டது. சோளத்தில் வேறு புழுக்களும் உண்டு. படைப்புழுவை இனங்காண இரண்டு அடையாளங்கள் முக்கியமானவை. தலையின் முகப்பில் தலைகீழாக எழுதிய ஆங்கில ‘வை’ எழுத்துப் போன்ற வெளிர்கோடு ஒன்று. வாற்பக்கத்தில், கடைசிக்கு முந்திய பகுதிகளில் ஒன்றில், சதுரத்தின் நான்கு மூலைகள் போல நான்கு கரும்புள்ளிகள். முற்றிய புழு மூன்று நான்கு சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். இலையின் நுனியிலிருந்து புழுவின் முகத்தை நோக்கி எடுத்த படத்தில் தலை தெளிந்தால் வால் கலங்கும். வால் தெளிந்தால் தலை கலங்கும். மூன்று சென்ரிமீற்றர் உடலுக்கு நம்மிடம் இருப்பது மூன்று மில்லிமீற்றர்த் தெளிவு. அத்தகைய படத்தைப் பார்க்கும் விவசாயப் போதனாசிரியர், பாவம், எதை வைத்துத் துணிவார்? வயலிலோ பயிர் நாளுக்கு நாள் தின்னப்பட்டுக்கொண்டிருக்கும். புழுவை ஒரு தாளில் நீளக் கிடத்தி நேர் மேலிருந்து ஒரு படமும், தலையை முன்னிருந்து வேறொரு படமும் எடுப்பதே முறை. ஒரே படத்தில் எல்லாம் வேண்டுமென்ற ஆசையை விட்டால் தெளிவாழச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடுகிறது.

சாய்ந்த பொருளைச் சாய்வாகவே எடுக்கவேண்டி வந்தால் அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். வில்லையின் தளத்தைப் படத்தளத்தோடு சமாந்தரமாக வையாமல் சற்றுச் சாய்த்தால், தெளிவுத் தட்டும் சாய்ந்துகொடுக்கும். வில்லையின் தளம், படத்தளம், தெளிவுத் தளம் ஆகிய மூன்றும் ஒரே கோட்டிற் சந்திக்கும் என்பது விதி. இவ்விதியோடு இணைந்து வழங்குவது தியோடர் ஷைம்ப்ஃபிளக் என்னும் ஒஸ்திரிய இராணுவ அதிகாரியின் பெயர். வானிலிருந்து எடுத்த நிலப்படங்களின் கோணலைத் திருத்தும் பொருட்டு அவர் 1904-இல் காப்புரிமை பெற்றார். இதற்குரிய வில்லைகள் விலை மிகுந்தவை; பாடசாலைக்கு எட்டாதவை.

இன்று பெரிதும் கையாளப்படுவது அடுக்கு முறை. கமராவை முக்காலியில் அசையாது நிறுத்தி, தெளிவுத் தட்டைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்கிப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பாகத்தை மட்டும் கணினியால் தொகுத்து ஒரே படமாக்குவர். ஆறு மில்லிமீற்றர்க் களிமண் மணியொன்றைச் சம அளவில் எடுக்கிறோம் என்க. கண்ணுக்குத் தெரியும் முன்பாதியின் ஆழம் மூன்று மில்லிமீற்றர். தெளிவாழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். ஒன்றோடொன்று சற்று மேற்படியும் வண்ணம் 0.7 மில்லிமீற்றருக்கு ஒரு படமாக ஐந்து படங்கள் போதும். உயிருள்ள புழுவுக்கு இது ஆகாது. இரண்டாம் படத்துக்குள் அது ஊர்ந்துவிடும். அடுக்கிய படத்தில் விளிம்புகளைச் சுற்றி இல்லாத ஒளிவட்டமும், ஒன்றன்மேலொன்று கிடக்கும் இடங்களில் பொய்க்கோடும் தோன்றுவதுண்டு. ஆதலால் சான்றுக்காக எடுக்கும்போது மூலப் படங்களையும் சேமித்து வைத்து, இது அடுக்கிய படம் என்று குறித்துவிடுதல் வேண்டும்.

அண்மையில் ஒருவர் என் பழைய காசுப் படத்தைக் கணினியிற் கூர்மையாக்கித் தருவதாகச் சொன்னார். தரவும் செய்தார். அதில் ‘சேது’ என்று அழகாகவே இருந்தது. ஆனால் காளையின் காலடியில் நான் கண்ணாற் கண்ட தேய்வு அதிற் காணப்படவில்லை. படத்திற் பதியாத ஒளியைக் கணினி எங்கிருந்து கொணரும்? அறிந்த காசுகளைப் பார்த்து ஊகித்து எழுதியிருக்கிறது. அந்தப் பிரதியின் பின்புறத்தில் ‘ஊகம்’ என்று எழுதி, மூலத்தோடு ஒட்டாமல் வேறு உறையில் வைத்திருக்கிறேன். எழுத்து என்னவென்று கேட்டவனுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது எங்கள் பாடசாலையின் வரலாற்று மன்றப் பிள்ளைகள், ஊரிலுள்ள வீடுகளில் இருக்கும் பழைய காசு, முத்திரை மோதிரம், பாக்குவெட்டியின் பிடிச்சித்திரம் முதலியவற்றை உரியவர் முன்னிலையிலேயே படமெடுத்துக் குறிப்பெழுதி வருகின்றனர். நிலத்திலிருந்து புதிதாக வெளிப்படும் தொல்பொருள்களின் நிலை வேறு. 1940-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி அவற்றை அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே அனுப்புகிறோம். வீட்டுப் பொருளைப் பொறுத்தவரை, படம் சரியாக விழுந்ததா என்பதை அந்த இடத்திலேயே பெரிதாக்கிப் பார்த்த பின்புதான் பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது மன்றத்தின் முதல் விதி. நடுவைப் பார்த்தால் போதாது. நான்கு விளிம்புகளையும் பார்க்கவேண்டும்.

முதல் மாதத்தில் பிள்ளைகள் எடுத்த ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசுப் படம் ஒன்றில் எல்லாம் தெளிந்திருந்தும், பக்கத்தில் வைத்த அளவுகோலின் கோடுகள் மட்டும் கலங்கியிருந்தன. காசின் மேற்பரப்பு மேசையிலிருந்து ஒரு மில்லிமீற்றருக்கு மேல் உயர்ந்திருந்தது; அளவுகோலோ மெல்லிய தாள். தெளிவுத் தட்டு காசோடு நின்றுவிட்டது. இப்போது அளவுகோலின் கீழே மட்டைத் துண்டுகளை அடுக்கி, அதைக் காசின் மட்டத்துக்கு உயர்த்திய பின்பே படமெடுக்கிறார்கள். நேயர்கள் வீட்டிற் செய்து பார்ப்பதாயின், இந்த மட்டைத் துண்டுகளை மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள்.